அறுபது தாண்டியவர்களுக்கு வலுப்பயிற்சி: வயசு தடையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது, எலாஸ்டிக் பேண்டை இழுப்பது என்று தசைக்குச் சுமை கொடுத்துச் செய்யும் எதையும் இங்கே வலுப்பயிற்சி என்கிறோம். அறுபதைத் தாண்டியவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவரவர் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் தொட்டுப் போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

அப்பாவுக்கு 72 ஆயிடுச்சு. இந்த வயசுல போய் வெயிட் தூக்கணுமா?

தூக்கலாம். உண்மையில் முப்பது வயது மகனைவிட அவருக்குத்தான் அது அவசரத் தேவை. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் காப்பகம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுதாக முடித்த ஒன்பது பேருக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமன் 9 சதவீதம் ஏறியது. இவர்கள் யாரும் பழைய விளையாட்டு வீரர்கள் இல்லை, உடல் தளர்ந்து காப்பகத்தில் இருந்தவர்கள்.

வலு அவ்வளவு ஏறும்போது தசை ஏன் கொஞ்சம்தான் வளர்ந்தது? முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி நரம்புடையது. சும்மா கிடந்த தசை நார்களை நரம்பு மறுபடி வேலைக்குக் கூப்பிடுகிறது. தசை வளர்வது அதற்குப் பிறகு, மெதுவாக நடக்கும். அதனால் ஒரு மாதத்தில் கையும் காலும் பெருக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம்.

வயசானா தசை குறையறது இயற்கைதானே? அதோட எதுக்கு மல்லுக்கட்டணும்?

குறைவது உண்மைதான். ஆனால் குறைவதில் எவ்வளவு வயதால், எவ்வளவு சும்மா இருப்பதால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1966இல் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில் மறுபடி அளந்தார்கள். முப்பது ஆண்டு வயது செய்த சேதம், அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவாக இருந்தது. பிறகு ஆறு மாதம் பயிற்சி கொடுத்ததும் அவர்கள் இருபது வயதில் இருந்த பழைய அளவுக்கே வந்துவிட்டார்கள்.

தசையிலும் இதே கதைதான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுத்திருந்ததில் கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்கு நெருக்கமாகத் தசை இழந்தார்கள்.

வயதே நேரடியாகத் தின்னும் பங்கும் உண்டு. வேகமாகச் சுருங்கும் தசை நார்கள்தான் முதலில் மெலிகின்றன. நிலைப்படியில் கால் தட்டியதும் மற்றொரு கால் சட்டென்று முன்னால் வந்து ஊன்ற வேண்டும். அந்தச் ‘சட்டென்று’ போய்விட்டால்தான் விழுவது. மெதுவாக நடக்கும்போது இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

வயசை வச்சு சொல்ல முடியாதுன்னா வேற எதை வச்சுத்தான் எங்க நிலைமையைத் தெரிஞ்சுக்கறது?

ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு இன்ச் டேப் போதும். கைப்பிடி இல்லாத, சுமார் 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அது வேண்டாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக நிமிர்ந்து எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12க்குக் கீழும் பெண்களுக்கு 11க்குக் கீழும் இருந்தால் குறைவு. 75 முதல் 79இல் அது 11, 10. 80 முதல் 84இல் 10, 9. ஒருமுறை கையை ஊன்றி எழுந்தாலும் அன்றைய கணக்கு பூஜ்ஜியம். இதில் பலர் ஏமாற்றிக்கொள்வார்கள். பாதி எழுந்து உட்கார்வதைச் சேர்க்கக் கூடாது.

அடுத்தது நடை வேகம். வீட்டுத் தரையில் இரண்டடி டைல்ஸ் இருந்தால் பத்து டைல்ஸ் ஆறு மீட்டர். அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு டைல்ஸ் விட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நடுவில் உள்ள பத்தை மட்டும் கணக்கிடுங்கள். ஆறு விநாடிக்கு மேல் ஆனால் வேகம் குறைவு. பிறகு கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்தபடி ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் தசை இழப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள். கடைசியாக, பக்கத்தில் ஆள் நிற்க, ஒற்றைக் காலில் பத்து விநாடி.

ஒரே தெருவில் இருக்கும் இரண்டு 70 வயதுக்காரர்களில் ஒருவர் 18 முறை எழுவார், இன்னொருவர் 6 முறை. இருவருக்கும் ஒரே பயிற்சி எழுதிக் கொடுக்க முடியாது. 58 வயதில் 7 முறை எழுபவரின் நிலைமை 80 வயதில் 14 முறை எழுபவரைவிட மோசம்.

தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன். அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் சமதரையில் நடப்பது தொடைக்கும் இடுப்புக்கும் தரும் சுமை மிகக் குறைவு. இருபது ஆண்டாக விடாமல் நடப்பவர்களிலும் நாற்காலிச் சோதனையில் தோற்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் வலுப்பயிற்சி, 65 தாண்டினால் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும். நம் ஊரில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம்.

யோகா செய்கிறோமே என்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். உத்கடாசனம், வீரபத்ராசனம் மாதிரி காலில் நின்று தாங்கும் ஆசனங்கள் கொஞ்சம் கணக்கில் வரும். பிராணாயாமமும் சவாசனமும் வராது.

ஜிம்முக்கெல்லாம் போக முடியாது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

ஆறு அசைவு போதும். ஒன்று, சோதனையில் செய்த அதே நாற்காலி எழுச்சி. இரண்டு, சுவரில் கை ஊன்றித் தண்டால். பாதம் சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். மூன்று, ஜன்னல் கம்பியில் எலாஸ்டிக் பேண்டை மாட்டி இரு முழங்கைகளையும் பின்னுக்கு இழுப்பது. நான்கு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. ஐந்து, இரு கையிலும் கனமான பையோடு ஹாலில் நடப்பது. ஆறு, மேடை ஓரமாக ஒற்றைக் காலில் நிற்பது.

முதல் நான்கையும் 8 முதல் 12 முறை செய்து, ஒன்றரை நிமிடம் ஓய்ந்து, இன்னொரு சுற்று. பையோடு நடப்பது 30 விநாடி, இரண்டு தடவை. மொத்தம் 25 நிமிடம்தான். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. ஒற்றைக்கால் மட்டும் தினமும் செய்யலாம். பல் தேய்க்கும் நேரத்தில் பழகலாம் என்று சிலர் சொல்வார்கள், ஈரத் தரையில் வேண்டாம்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழவே முடியவில்லையா? இருக்கையில் கெட்டியான தலையணை ஒன்றோ இரண்டோ போட்டு உயர்த்துங்கள். பத்து முறை சுலபமாக வந்ததும் ஒன்றை எடுத்துவிடுங்கள். எழும்போது பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய வேண்டும். சாயாமல் நேராக எழப் பார்ப்பதால்தான் பாதிப் பேருக்கு வருவதில்லை.

எவ்வளவு எடையில ஆரம்பிக்கணும்? எப்போ கூட்டணும்?

பன்னிரண்டு முறை முடித்ததும் ‘இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும்’ என்று இருந்தால் சரியான எடை. இன்னும் பத்து செய்யலாம் என்றால் அது பயிற்சியே இல்லை. வயதானவர்களிடம் நடக்கும் பெரிய தவறு அதிகச் சுமை கொடுப்பது அல்ல, அரைக் கிலோ டம்பெல்லை ஆண்டுக்கணக்கில் ஆட்டவைப்பது. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் 12 முறை லேசாக வந்தால் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ ஏற்றுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. துணிப்பையில் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது இன்னும் வசதி. நாற்காலி எழுச்சி சுலபமானால் அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம்.

இரண்டு மாதம் கழிந்து அசைவுகள் பழகியபின் வேகத்தைச் சேருங்கள். எழும்போது சட்டென்று, உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. இரண்டாம் கேள்வியில் சொன்ன வேக நார்களை எழுப்புவதற்குத்தான் இது.

எக்ஸ்ரேல முட்டி தேஞ்சுபோச்சுன்னு போட்டிருக்கு. எழுந்து உட்கார்ந்தா இன்னும் தேயாதா?

தேயாது. தொடையின் முன்தசை பலமானால் முட்டியின் மேல் விழும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டல்கள் முதலில் சொல்லும் சிகிச்சைகளில் உடற்பயிற்சியும் ஒன்று. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்துக்கும் வலிக்கும் நேர் கணக்கும் கிடையாது. படத்தில் மோசமாகத் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு.

வலிக்கு 10 மதிப்பெண் என்றால் 3 வரை பொறுத்துச் செய்யலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் பழையபடி ஆகிவிட வேண்டும். அதற்கு மேலும் வலித்தாலோ முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, அடுத்த தடவை இருக்கையை ஒரு தலையணை உயர்த்துங்கள். மூட்டு பூட்டிக்கொண்டு மடக்க நீட்ட முடியாமல் போனால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல்ல டாக்டரைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணுமா?

மேலே சொன்ன லேசான ஆரம்பத்துக்கு எல்லாருக்கும் அவசியம் இல்லை. நடந்தால் நெஞ்சு அழுத்தம், காரணமில்லாத மூச்சிரைப்பு, மயக்கம், சமீபத்தில் ஸ்டென்ட் அல்லது அறுவை சிகிச்சை, கடந்த ஓராண்டில் ஒரு தடவைக்கு மேல் விழுந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்களும், புதிதாகக் கண்புரை எடுத்தவர்களும் கண் மருத்துவர் சொல்லும்வரை முக்கித் தூக்கக் கூடாது.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே ரத்த அழுத்தம் 180/110ஐத் தாண்டினால் அன்று பயிற்சி இல்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, அழுத்தம் குபீரென்று ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியே போகும். கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சர்க்கரை 100க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும்.

ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்காகக் கொடுக்கும் டாம்சுலோசின், தூக்க மாத்திரை, சில அழுத்த மாத்திரைகள், இவை எழுந்ததும் தலைசுற்ற வைக்கும். உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். அதைக் கண்டுகொள்ளாமல் காலைப் பலப்படுத்தி மட்டும் விழுவதைத் தடுக்க முடியாது.

220ல வயசைக் கழிச்சா வர்ற எண்ணுக்கு மேல இதயம் துடிக்கக் கூடாதாமே?

அது சராசரி, எல்லைக்கோடு அல்ல. 65 வயதுக்கு அந்தக் கணக்கு 155 என்று சொல்லும். 2001இல் வந்த இன்னொரு சூத்திரம் வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கும், அது 162 என்று சொல்லும். தனி ஆளின் உண்மையான உச்சம் இரண்டிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரொலால், அட்டெனலால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவர்களிடம் இரண்டு சூத்திரமும் செல்லாது. ஸ்மார்ட் வாட்ச் அலறுகிறதே என்று பயப்படுவதைவிட, பேச முடிகிறதா என்று பாருங்கள். முழு வாக்கியம் பேச முடிந்து, பாட முடியாமல் போனால் மிதமான உழைப்பு.

ஒரு மெஷின்ல ஏறி நின்னேன். எனக்கு 61, ‘உடல் வயசு 74’னு வந்துச்சு. பயமா இருக்கு.

பயப்பட ஒன்றுமில்லை. அந்த மெஷின் காலடியிலிருந்து மிக லேசான மின்சாரத்தைச் செலுத்தி, உடலிலுள்ள நீரைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பையும் தசையையும் ஊகிக்கிறது. பிறகு நிறுவனம் வைத்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு ஒரு வயதைக் காட்டுகிறது. தண்ணீர் குடித்திருந்தால் ஒரு எண், வியர்த்து வந்தால் வேறு எண். நீங்கள் அழுத்திக் கொடுத்த வயதும் உயரமும் அந்தக் கணக்கில் கலந்திருக்கின்றன. பத்து வயது மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், முடிவும் நகரும். பெரும்பாலும் அதன் பிறகு ஒரு பேக்கேஜ் விலை சொல்லப்படும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்காலிச் சோதனையைக் குறித்து வைத்தால் அதைவிட உருப்படியான தகவல் கிடைக்கும்.

எங்க தாத்தாவுக்கு ஆதார்ல ஒரு வயசு, பாட்டி சொல்ற கணக்குல வேற வயசு. எதை எடுத்துக்கறது?

அந்தத் தலைமுறையில் இது சகஜம். பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று ஒரு ஜூன் மாதத் தேதியைத் தலைமையாசிரியரே எழுதிவிடுவார். அரசுக் காரியங்களுக்கு ஆவணத்தில் இருப்பதுதான். பயிற்சிக்கு இரண்டுமே வேண்டாம், மூன்றாம் கேள்வியின் சோதனைகள் போதும். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 2011இல் டொரண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்தார். பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1911. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் ஏற்கவில்லை. வயது நூறோ தொண்ணூற்றைந்தோ, 42 கிலோமீட்டர் போனது போனதுதான்.

அப்போ வயசுங்கிற எண்ணுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதும் தவறு. சிறுநீரகம் நல்ல உதாரணம். அது நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணிக்க, 140இலிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, ரத்தத்திலுள்ள கழிவுப்பொருளான கிரியாட்டினினின் அளவை 72ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு மேலும் 0.85ஆல் பெருக்கணும். 30 வயது, 70 கிலோ ஆணுக்குக் கிரியாட்டினின் 1.1 என்றால் 97 வரும். 75 வயது, 50 கிலோ ஆணுக்கு அதே 1.1க்கு 41தான். லேப் ரிப்போர்ட்டில் இருவருக்குமே ‘நார்மல்’ என்றுதான் அச்சாகியிருக்கும். பயிற்சி செய்து உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிப் போடுவது முதலாமவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இரண்டாமவர் அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்த்து எடுத்தால் சிறுநீரகம் திடீரென்று மக்கர் பண்ணலாம்.

எலும்பு இன்னொன்று. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. அந்த அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால், முதுகை வளைத்துக் குனியும் பாதஹஸ்தாசனம், ஹலாசனம் போன்றவற்றை விட்டுவிடுங்கள். முதுகெலும்பு நசுங்கலாம். சுமை தூக்குவதை விட வேண்டாம், முதுகை நேராக வைத்து இடுப்பில் மடங்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

தாகமும் மந்தமாகும். ஏப்ரல், மே வெயிலில் தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்றிருந்தால் பிந்திவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஆறவும் நேரம் அதிகம் பிடிக்கும், வாரம் இரண்டு நாள் என்று சொன்னது அதனால்தான்.

புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

சாப்பாட்டில் வந்தால் தேவையில்லை. வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். முட்டை ஒன்றில் 6, 200 மில்லி பாலில் 6, முப்பது கிராம் துவரம்பருப்பில் 6க்குக் கொஞ்சம் மேல், அதே எடை உலர்ந்த கொண்டைக்கடலையில் செய்த சுண்டலில் 6, மீன் நூறு கிராமில் 18 முதல் 20, உலர்ந்த சோயா உருண்டை முப்பது கிராமில் 15. இட்லியும் சாதமும் ரசமுமாகப் போகும் வீட்டில் இரவுச் சாப்பாட்டில்தான் பெரிய ஓட்டை. இரண்டு இட்லியோடு நிறுத்தாமல் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ அங்கே சேருங்கள். சிறுநீரகக் கோளாறு என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மா டெங்குல ரெண்டு வாரம் படுத்துட்டாங்க. விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கலாமா?

கூடாது. இரண்டாம் கேள்வியில் பார்த்த பத்து நாள் படுக்கைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டு, ரத்தத் தட்டணுக்கள் சரியாகி, சாப்பாடு இறங்க ஆரம்பித்த பிறகு, பழைய எடையில் பாதி, ஒரு சுற்று மட்டும். வாரத்துக்கு வாரம் ஏற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வரலாம். படுக்கையில் இருக்கும்போதே மருத்துவர் எழுந்து உட்காரலாம் என்று சொன்ன நாளிலிருந்து, சாப்பாட்டுக்காவது நாற்காலிக்கு வரவைத்தால் இழப்பு குறையும்.

மாமனாருக்கு 84. ‘இனிமே எனக்கு எதுக்கு’ன்னு சொல்றார். எப்படிச் சம்மதிக்க வைக்கறது?

உடற்பயிற்சி என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். அவருக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். கோயில் படி ஏற முடியவில்லை, பஸ்ஸில் முதல் படி எட்டவில்லை, தரையில் உட்கார்ந்தால் ஆள் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது என்று ஏதாவது ஒன்று வரும். படி என்றால் வீட்டு வாசலின் ஒரே படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்குவது, ஒவ்வொரு காலுக்கும் ஐந்து. டிவி பார்க்கும்போது ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுச்சி. அதற்கு மேல் முதல் மாதம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவும். இடுப்பில் அகலமான துணியைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.